பட்டியலில் இல்லாத ஆறாவது முறை

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். ஏழு மணிக்குள் சமையல் முடிந்தது: சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல். எட்டேகாலுக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். எட்டு முப்பத்தைந்துக்கு உப்பு உற்பத்தியாளர் சங்க அலுவலகத்தைத் திறந்தேன். மின்விசிறி, கம்ப்யூட்டர், பிரிண்டர் என்ற வரிசையில் சுவிட்சுகளைப் போட்டேன். முந்தைய நாளின் பேக்கப் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து நாட்குறிப்பில் டிக் அடித்தேன். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு என் வழக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. தூக்கக் குறைவு, உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ள இடமில்லை.

புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு இந்தச் சங்கத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே என் முக்கியமான வேலை லோடு முறை. உப்பளத்துக்குள் லாரி போகிற மண் பாதை ஒன்றுதான். ஒரு வண்டி உள்ளே நின்றால் இன்னொன்று ஒதுங்க முடியாது. அதனால் ஒரு நாளைக்குப் பத்து லோடு. யாருக்கு எந்த நாள், எத்தனையாவது முறை என்று பருவத் தொடக்கத்திலேயே குலுக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு முறையை மாற்ற ஒரே வழி, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது. அதற்கு இரண்டு பேரும் நேரில் வர வேண்டும். மேஜைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் வாயால் சொல்ல வேண்டும். போனில் சொல்வது செல்லாது, ஆள் அனுப்புவதும் செல்லாது. ஒருவர் வாயைத் திறக்கத் தயங்கினாலும் பதிவு இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

இந்த வேலையை இரண்டு ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் செய்தன. ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்பது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதிப் பெயர் வைத்துச் சேமித்த கட்டளைகள். பெயரைச் சொன்னால் ஓடும். ஒன்று மாற்றத்தைப் பதிவு செய்யும். இன்னொன்று மறுநாள் பட்டியலை அச்சிடும். முதல் ப்ரொசீஜர் இரண்டு பேரின் வரியிலும் ‘மாறியது’ என்று குறிப்புப் போட்டு, மற்றவரின் பாத்தி எண்ணைப் பக்கத்தில் எழுதும். இரண்டாவது, பழைய பெயரோடு அந்தக் குறிப்பையும் சேர்த்து அச்சிடும். எடைமேடையில் இருப்பவருக்கு இது பிடிக்கவில்லை. “பேரு ஒன்னு இருக்குது, ஆளு ஒன்னு வருது. நான் எடை போடுறதா, கணக்குப் புதிர் போடுறதா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் இரண்டையும் திருத்தினேன். புதிய முறையில், பதிவு ப்ரொசீஜர் பழைய வரிகளில் ‘மாறியது’ என்று குறித்து அப்படியே விட்டுவிட்டு, பெயர்களை இடம் மாற்றி இரண்டு புதிய வரிகளை எழுதும். பட்டியல் ப்ரொசீஜர் ‘மாறியது’ என்று இருக்கும் வரிகளைத் தள்ளிவிட்டு, மாறாத வரிகளையும் புதிய வரிகளையும் மட்டும் எடுக்கும். இரண்டும் சேர்ந்து மாறினால்தான் சரி. ஒன்று மட்டும் மாறினால் தவறாகும். வீட்டு லேப்டாப்பில் ஒரு நகலை வைத்து ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது.

செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. அன்று காலை நிலுவையில் ஒரு மாற்றம்கூட இல்லை. மதியம் ஒன்று பத்துக்கு எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, இந்தத் திருத்தங்களைச் செய்யும் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். நான்கு துண்டுகள். முதல் துண்டு டிரான்ஸாக்ஷனைத் தொடங்கும்; அதற்குள் வரும் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து நிலைக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே நிலைக்காது. இரண்டாவது, பதிவு ப்ரொசீஜரை மாற்றும். மூன்றாவது, பட்டியல் ப்ரொசீஜரை மாற்றும். நான்காவது, நடந்ததையெல்லாம் நிலையாக்கும். இடையில் எங்கே பிழை வந்தாலும் எல்லாம் ரோல்பேக் ஆக வேண்டும், அதாவது தொடங்கியதற்கு முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று மேலேயே ஒரு வரி எழுதியிருந்தேன்.

திரையில் இரண்டு சிவப்பு வரிகள் வந்தன. முதலாவது, இரண்டாம் துண்டில் நான் சொன்ன நெடுவரிசை ஒன்று அட்டவணையில் இல்லை என்றது. காரணம் உடனே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் அந்த நெடுவரிசையைக் கையாலேயே சேர்த்திருந்தேன். அதைச் சேர்க்கும் கட்டளையை ஸ்கிரிப்ட்டில் எழுதவில்லை. இரண்டாவது சிவப்பு வரி, நிலையாக்குவதற்குத் திறந்திருக்கும் டிரான்ஸாக்ஷன் எதுவும் இல்லை என்றது. ரோல்பேக் ஆகிவிட்டதால்தான் அப்படிச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நாட்குறிப்பில் எழுதினேன்: “1.12. ஸ்கிரிப்ட் பிழை. ரோல்பேக் ஆனது. பழைய நிலை. நாளை மறுபடி.” அடிக்கோடும் போட்டேன். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

மூன்று மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கூனிமேட்டைச் சேர்ந்த உப்பு வியாபாரி. இங்கே குத்தகைக்குப் பாத்திகள் வைத்திருக்கிறார். எல்லோரும் பாய் என்பார்கள். இன்னொருவர் கீழ்ப் பக்கத்துப் பாத்திக்காரி. புருஷன் போன பிறகு ஒண்டியாக அளத்தை நடத்துகிறவர். என்னை ‘கம்ப்யூட்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். பாய்க்குப் புதன்கிழமை ஆறாவது முறை. அந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை மூன்றாவது.

“வியாழக்கெழம பொண்ணுக்கு நிக்காஹ். நாளைக்கு ஊட்ல மருதாணி. கூட்டத்த உட்டுட்டு நான் இங்க வந்து லாரிக்குப் பின்னாடி நிக்க முடியுமாங்க?” என்றார் பாய்.

“நின்னா மாப்பிள்ள ஊட்டுக்காரங்க மெச்சிக்குவாங்க, மாமனாரு ஒழைப்பாளின்னு” என்றார் அந்த அம்மா.

“பாத்தீங்களா மேடம், உதவி பண்ண வந்தா நக்கலு.”

“உதவி இன்னா உதவி? உன் உப்பு கூரக்கி கீழ பத்திரமா கெடக்குது. என்னுது வெட்டவெளியில கெடக்குது. மேக்கால பாரு, மூணு நாளா கருக்கல் கட்டுது. சனிக்கெழம வரைக்கும் வானம் எனக்காகப் பொறுத்துக்குமா?”

அவர் சொன்னது நிஜம். அந்த வருடம் முதல் வாரல்களில் பாத்தியிலிருந்து வாரி எடுத்த உப்பு முழுவதையும் வரப்பு மேட்டில் ஒரே குவியலாகக் குவித்திருந்தார். ஓலை போட்டு மூடவில்லை. மூடுவதற்கு ஆள் பிடிக்க இரண்டு நாள் ஆகும், அதற்குள் லோடு ஏற்றிவிடலாம் என்றுதான் பாயைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். கோடை மழை ஒரு மணி நேரம் வலுத்துப் பெய்தால் அந்தக் குவியலில் பாதி திரும்பவும் பாத்திக்கே ஓடிவிடும்.

இரண்டு பேரும் மேஜை முன் நின்று சொன்னார்கள். பதிந்தேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. பழைய நிலையில்தான் இருக்கிறது என்ற என் எண்ணம் அதோடு உறுதியாயிற்று. பாய் கிளம்பும்போது, “கல்யாணத்துக்கு வந்துருங்க மேடம், இன்ஷா அல்லாஹ் பிரியாணி மட்டும் சொன்ன நேரத்துக்கு ரெடியாயிடும்” என்றார்.

நான்கு முப்பதுக்குப் புதன்கிழமைப் பட்டியலை அச்சிட்டேன். ஒன்பது பெயர்கள். சில நாள் ஒன்பதும் வரும், எட்டும் வரும்; உப்பு சேராதவர்கள் முன்பே விலகிக்கொள்வார்கள். பட்டியலில் இருக்கும் பெயர்களை நான் படிப்பதில்லை. அச்சான பிறகு உட்கார்ந்து படித்தால், யாருக்காகவோ பார்க்கிறாள் என்று பேச்சு வரும் என்பதால் வந்த முதல் வருடமே எடுத்த முடிவு அது. கையெழுத்துப் போட்டேன், முத்திரை குத்தினேன், வெளியே பலகையில் ஒட்டினேன். செயலாளர் அதை போட்டோ எடுத்து லாரி ஏற்பாடு செய்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒன்பது லோடு, ஒன்பது வண்டி.

ஐந்தேகாலுக்கு அந்த அம்மா மறுபடி வந்தார். லோடு ஆட்களிடம் நேரம் சொல்வதற்காகப் பலகையைப் பார்க்க வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் குரலை உயர்த்தவில்லை.

“கம்ப்யூட்டரம்மா, ஆறாவதுல வேற ஆளு பேரு இருக்குது. பாய் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் செத்துட்டோமா?”

எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தேன். ஆறாவதில் இருந்தது ஏழாவது ஆளின் பெயர். கீழே எல்லோரும் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். உள்ளே வந்து சனிக்கிழமைப் பட்டியலைத் திரையில் ஓடவிட்டேன். அதில் மூன்றாவது முறையும் காணோம். பாய்க்கு ஆறாவது போய்விட்டது. இந்த அம்மாவுக்கு மூன்றாவதும் போய்விட்டது, ஆறாவதும் வரவில்லை. புதன், சனி இரண்டு நாளுமே இவருக்கு முறை கிடையாது என்று சங்கத்தின் பட்டியல் சொன்னது.

ஒவ்வொரு ப்ரொசீஜரும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று டேட்டாபேஸ் தேதியும் நேரமும் வைத்திருக்கும். மதியமே பார்த்திருக்க வேண்டியதை அப்போது பார்த்தேன். பதிவு ப்ரொசீஜருக்கு ஜனவரித் தேதி. பட்டியல் ப்ரொசீஜருக்கு அன்றைய தேதி, மதியம் 1.12.

நடந்தது இதுதான். இரண்டாம் துண்டில் பிழை வந்ததும் நான் கேட்டபடியே எல்லாம் ரோல்பேக் ஆனது. அதோடு டிரான்ஸாக்ஷனும் முடிந்துபோனது. ஆனால் துண்டுகளை அனுப்புகிற நிரல் அதற்காக நிற்கவில்லை. மூன்றாம் துண்டையும் வழக்கம்போல் அனுப்பியது. அந்த நேரத்தில் திறந்த டிரான்ஸாக்ஷன் எதுவும் இல்லாததால் அந்த மாற்றம் தனியாக ஓடி, அந்தக் கணமே நிலைத்துவிட்டது. நான்காம் துண்டு, நிலையாக்க ஒன்றும் இல்லை என்று சொன்னது உண்மை. அதை நான் தவறாகப் படித்தேன். பழைய பதிவு ப்ரொசீஜர் இரண்டு வரியிலும் ‘மாறியது’ என்று எழுதியது. புதிய பட்டியல் ப்ரொசீஜர் அந்த இரண்டையும் தள்ளிவிட்டு, யாருமே எழுதாத புதிய வரிகளைத் தேடியது.

செயலாளர் தன் அறையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். கேள்வி கேட்டே பழக்கப்பட்டவர்.

“புரியற மாதிரி சொல்லும்மா.”

“ரெண்டு வேலையையும் ஒரே மூட்டையா கட்டினேன் சார். முதல் வேலை தப்பாச்சுன்னதும் மூட்டை அவிழ்ந்துடுச்சு. ரெண்டாவது வேலை மூட்டைக்கு வெளியில போய் தானா முடிஞ்சிடுச்சு.”

“மூட்டைய கட்டுனது யாரு?”

“நான்தான் சார்.”

“அவிழ்ந்ததும் உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு பாத்தியா?”

“பாக்கல சார்.”

“எனக்கு அந்தக் கதையெல்லாம் வாணாம்” என்றார் அந்த அம்மா. “பட்டியல நீங்கதான போட்டீங்க? ஆறுன்னு பேனாவுல போட்டுக் குடுங்க. நான் போறேன்.”

அதைச் செய்ய முடியாது. கையெழுத்தான பட்டியலில் பேனா வைக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. நான் வருவதற்கு முன்பு பேனாத் திருத்தத்தால் எடைமேடையில் கைகலப்பு ஆகி, அதற்குப் பிறகு போட்ட விதி. பட்டியல் தவறென்றால் மொத்தமாக ரத்து செய்து புதிதாகத்தான் அச்சிட வேண்டும். ரத்துப் பதிவேட்டில் காரணம் எழுதி, அச்சிட்டவர் கையெழுத்திட வேண்டும். பதினோரு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்து இல்லை.

மேற்கே திண்டிவனம் பக்கம் வானம் நன்றாகக் கறுத்திருந்தது. அந்த அம்மா வாசற்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டியல் ப்ரொசீஜரின் பழைய வடிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால், டிரான்ஸாக்ஷன் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் வரியைச் சேர்த்தேன். இல்லையென்றால் மீதி எதுவும் ஓடக் கூடாது. ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஓட்டினேன். பிழை இல்லை. அப்படியும் நம்பவில்லை. ப்ரொசீஜரைத் திறந்து வரி வரியாகக் கோப்போடு ஒப்பிட்டேன். தேதியைப் பார்த்தேன். பிறகுதான் அச்சிட்டேன். பத்து வரிகள். ஆறாவதில் பாயின் பெயர், பக்கத்தில் ‘மாறியது’, அந்த அம்மாவின் பாத்தி எண். அன்று முதல் தடவையாகப் பெயர்களை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

செயலாளர் லாரிக்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் குரல் வெளியே கேட்டது.

“பத்தாவது வண்டியா? சார், ஒம்போதுன்னு நீங்கதான அனுப்புனீங்க. அத செங்கல் லோடுக்கு உட்டுட்டேன். நாளைக்கு மூணு மணிக்கு மேலதான் காலியாகும்.”

“மூணு மணிக்கு அனுப்பு.”

“மழ வந்தா அந்தப் பாதையில வண்டி இறங்காது சார். டிரைவர் என்னத்தான் திட்டுவான்.”

“உன்ன திட்டுறதுக்கு அவனுக்கு மழ வேற வேணுமா? அனுப்புடா.”

ஒன்பது வண்டிக்குப் பத்துப் பேர். கடைசி ஆளுக்குத்தான் மூன்று மணி வண்டி. அவருக்குச் செயலாளர் போன் செய்ய எழுந்தார். நானே சொல்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டேன். ஒன்பதாவது என்று பலகையில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவரிடம், நீங்கள் பத்தாவது, வண்டி மூன்று மணிக்கு, தவறு என்னுடையது என்று சொன்னேன்.

“இன்னாங்க இது, பஸ் சீட்டா? ஏறி உக்காந்தப்பறம் எழுந்திரின்றீங்க.” என்றார். “யாருக்காக?”

சொன்னேன்.

“அந்தம்மாவுக்கா. அதுங்கிட்ட மல்லுக்கு நிக்க என்னால முடியாது. என்னுது ஓல போட்டு மூடியாச்சு. ஆனா மூணு மணிக்கு வண்டி வரலன்னா, நீங்கதான் வந்து கூடைய தூக்கணும்.”

ஒப்புக்கொண்டேன். ரத்துப் பதிவேட்டை எடுத்தேன். செயலாளர் எட்டிப் பார்த்து, “கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதும்மா. அதோட முடிஞ்சிது” என்றார். கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அது சொன்னபடிதான் செய்தது. சொன்னதும் என் கட்டளைதான். “ஸ்கிரிப்ட் பாதியில் தவறியது. எந்தப் பாதி நிலைத்தது என்று சரிபார்க்காமல் பட்டியல் அச்சிடப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் படித்துவிட்டு, “இத படிக்கிறவனுக்கு ஒன்னும் புரியாது. அதுவும் நல்லதுதான்” என்று தன் கையெழுத்தையும் போட்டார்.

பலகையில் புதிய பட்டியலை ஒட்டியபோது அந்த அம்மா ஆறாவது வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது இருக்குமா? இல்ல, நான் ரோட்டத் தாண்டறதுக்குள்ள மறுபடியும் பூடுமா?”

“இருக்கும்.”

“மதியமும் அப்டித்தான நெனச்சிருப்ப?”

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “வானத்த யாரு ரத்து பண்றது?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அலுவலகத்தின் பின்னறையில் சங்கக் கூட்டங்களுக்குப் பந்தலாகக் கட்டும் தார்ப்பாய் ஒன்று இருந்தது. செயலாளரிடம் கேட்டு, இரவல் பதிவேட்டில் எழுதி எடுத்தேன். ஸ்கூட்டரின் முன்பக்கம் மடித்து வைத்துக்கொண்டு ஆறரைக்கு அளத்துக்குப் போனேன். அந்த அம்மாவும் பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நானும் குவியலின் மேல் அதைப் போட்டு, விளிம்பில் ஈரமண்ணைக் கட்டியாக வெட்டி வைத்தோம். தார்ப்பாய் சின்னது. கிழக்குப் பக்கம் அடியில் ஒரு முழம் அகலத்துக்கு உப்பு வெளியே தெரிந்தது. இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கம் விட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் நடந்ததை நேர வரிசைப்படி எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மழை பெய்தது. பலத்த மழை இல்லை, பெரிய தூறல், இருபது நிமிடம்.

மறுநாள் புதன்கிழமை, சமையலைத் தொடவில்லை. ஐந்து ஐம்பதுக்கு நேராக அளத்துக்குப் போனேன். மண் பாதையின் மேல்தோல் மட்டும்தான் நனைந்திருந்தது. முதல் லாரி உள்ளே இறங்கி நின்றது. அந்த அம்மா எனக்கு முன்பே வந்து குவியலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கிழக்குப் பக்கம் வெளியே இருந்த ஒரு முழமும் கரைந்து, அடியில் குழி விழுந்திருந்தது. மற்றது காய்ந்தே இருந்தது. அவர் குழியில் கையை விட்டு ஆழம் பார்த்தார். “இது உன் கணக்கு” என்றார். நான் சரி என்றேன். லோடு ஆட்கள் இன்னும் வரவில்லை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தோம். தார்ப்பாயின் நடுவில் மழைத்தண்ணீர் ஒரு குடம் அளவுக்குத் தேங்கியிருந்தது. அது உப்பின் மேல் ஒரு சொட்டும் விழாதபடி மெதுவாகத் தூக்கி, வரப்புக்கு அந்தப் பக்கம் சாய்த்து ஊற்றினோம்.